மேல்தளம், பழைய பூச்சு: ஜார்ஜ் டவுனில் ஒரு திங்கட்கிழமை

துண்டுச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: “மேல்தளம்: பழைய பூச்சை முழுதும் எடுக்கவும். திங்கள் காலை தொடங்கலாம்.” எழுதியது நான். அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை ஆறு மணிக்கு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கிறுக்கி, கட்டட உரிமையாளர் குடும்பத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அந்தச் சீட்டின்படி திங்கட்கிழமை காலை மொட்டை மாடியின் சிமெண்ட் பூச்சு உடைபட்டிருக்க வேண்டும். உடைபட்டது அதற்குக் கீழே, முதல் மாடிக் கூடத்தின் தெற்குச் சுவர். நூறு ஆண்டுக்கு மேல் மின்னிக்கொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சு, ஏறக்குறைய 60 சதுர அடி, மதிய உணவு வேளைக்குள் செங்கல் தெரியும்வரை கொத்தப்பட்டுத் தரையில் குவிந்துவிட்டது.

பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, பழுதுபார்க்க ஆலோசனை சொல்லும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். தவறு நேர்ந்தால் அதை நிகழ்வு ஆய்வாக எழுதிக் கோப்பில் வைப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. சுவர் ஏன் போனது என்று விசாரிக்கப் போனால், அன்றைக்கு நான் திட்டமிட்டபடி எல்லாம் சரியாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டடத்தின் பெயரையும் தெருவையும் இங்கே விட்டுவிட்டேன். தவறு என்னுடையது, அதைச் சொல்ல அவை தேவையில்லை.

கட்டடம்

உயர் நீதிமன்றத்துக்கு வடக்கே என்எஸ்சி போஸ் சாலையைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். 1772-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது நான் சொல்லும் கட்டடம். கீழே காகித மொத்த வியாபாரம். மேலே உரிமையாளர் குடும்பத்தின் அலுவலகம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அவற்றில் உயரமானதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அந்தக் காலத்தில் இந்த மாடியில் படுத்தால் விளக்கு முகத்தில் அடித்துத் தூங்க விடாது என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அவர் எதையும் சற்றுக் கூட்டியே சொல்வார். ஆனாலும் இதை நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது.

கூரை மெட்ராஸ் டெரஸ். சென்னையில் பிறந்தவர்களில் பலர் இதன்கீழ் தூங்கியிருப்பார்கள், பெயர் தெரிந்திருக்காது. கூடத்தின் வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்குப் பெரிய தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் குறுக்காக, ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள். சட்டங்களின்மேல், ஒரு அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாகப் போகும்போது, புதிய வரிசை முந்தைய வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே பலகை அடித்து முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. மேலிருக்கும் பாரம் மொத்தமும் கடைசியில் மரத்தில்தான் வந்து நிற்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்தபோது கூரை சரிந்தது இதனால்தான். அங்கே மரத்தை நெருப்பு தின்றது. ஜார்ஜ் டவுனில் தண்ணீர் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

கூடத்துச் சுவர்களின் பூச்சு வேறு கதை. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் மூன்று பூச்சு. முதலிரண்டும் முரடு, சமன் செய்வதற்காக. மூன்றாவதை மாவுபோல் அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, நகக் கனத்துக்குப் பூசி, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். பழைய மதராசுக்கு வந்த ஐரோப்பியர்கள் இதைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதி வைத்தார்கள். இந்தக் கூடத்தில் அது எவ்வளவு பளபளப்பு என்றால், கணக்குப்பிள்ளை பேரேட்டில் குனிந்தபடியே, எதிர்ச் சுவரில் அசையும் சாயலை வைத்து, முதுகுக்குப் பின்னால் படியேறி வருவது யார் என்று சொல்லிவிடுவார். முதல்முறை நான் போனபோதே, திரும்பிப் பார்க்காமல், “வாருங்கள் அம்மா, குடையை வெளியே வையுங்கள்” என்றார்.

எங்களைக் கூப்பிட்டது கசிவுக்காக. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கசிவுக்காக யாரோ வந்து, தட்டோட்டின் மேலேயே ஒன்றரை அங்குலத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு வெடித்தது. வெடிப்பில் இறங்கும் தண்ணீர் மேல்வழியாகக் காய முடியாது. சிமெண்ட் மூடிபோல் இருக்கிறது. சுண்ணாம்புக் கூரை நனையும், வெயிலில் காயும். அதன் சுபாவம் அப்படி. மூடிபோட்டுவிட்டால் ஈரத்துக்குக் கீழே போவதைத் தவிர வழி இல்லை. ஆகவே அந்தச் சிமெண்டை உரித்து எடுத்துவிட்டுத் தட்டோட்டைச் சுண்ணாம்பில் செப்பனிட வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. அதில் இன்றும் மாற்றமில்லை.

அந்த நாள்

திங்கள் காலை நான் தளத்தில் இருந்திருக்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டேன். அந்தத் தெருவின் பழைய நில அளவைத் தாள்களைப் பார்க்க அன்றுதான் தோதுப்பட்டது. பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதனால்தான் சீட்டு.

சென்னைக்காரர்களுக்குப் பழைய எண், புதிய எண் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. நான் மனுவில் எழுதிக் கொடுத்தது புதிய எண். காப்பகத்தில் இருப்பவை, சொல்லவே வேண்டாம், புதிய எண் பிறப்பதற்கு முந்தைய தாள்கள். வேறொரு வீட்டின் குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு, ‘நம் கட்டடத்தின் பின்பக்கம் இப்படி ஒரு கிணறு இருந்ததா!’ என்று வியந்தபடி இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தேன். கைபேசி ஒலியடங்கிப் பைக்குள் கிடந்தது.

அதே எண் அன்று இன்னொருவரையும் சுற்றவிட்டது. கூரையை உரிக்கும்போது மூடுவதற்குத் தார்ப்பாய்கள் வேண்டும் என்று எங்கள் அலுவலகப் பயிற்சி மாணவனிடம் சொல்லியிருந்தேன். அவனுக்கு நான் அனுப்பிய முகவரியில் இருந்ததோ பழைய எண். அது தெருவின் மறுகோடியில் இன்னொரு கட்டடத்தின் புதிய எண். ஆறு தார்ப்பாய்ச் சுருள்களோடு, பூட்டிய கதவின்முன், நெடுநேரம் பையன் நின்றிருக்கிறான். அக்கா வந்துவிடுவார் என்று பொறுமையாகக் காத்திருந்தானாம். ஆக, ஒரே நாளில் நானே புதிய எண்ணைத் தவறான இடத்திலும் பழைய எண்ணைத் தவறான இடத்திலும் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு பொருத்தம் திட்டமிட்டால்கூட வாய்க்காது.

கட்டடத்தில் நடந்ததைப் பின்னர் கணக்குப்பிள்ளையிடமும் மேஸ்திரியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். எட்டரை மணிக்கு மேஸ்திரி நான்கு ஆட்களோடு வந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை சீட்டை வாசித்துக் காட்டியிருக்கிறார். “மேல்தளம் என்றால் இந்தக் கூடம்தானே சார்?” என்று மேஸ்திரி கேட்க, ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி சுவரை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார். பொள்ளல் இல்லை, கெட்டியாக இருந்தது. “நன்றாகத்தானே இருக்கிறது, இதை எடுக்கச் சொல்கிறார்களா?” என்று இன்னொருமுறை கேட்டிருக்கிறார். கணக்குப்பிள்ளை எனக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறார். நான்கும் எடுக்கப்படவில்லை. நாள்கூலி ஆட்கள் நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படித்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஏதோ காரணம் இருக்கும் என்று இருவரும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். எட்டு நாற்பதுக்கு முதல் கொத்து விழுந்தது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்து கைபேசியைப் பார்த்தேன். பதினோரு தவறிய அழைப்புகள். கணக்குப்பிள்ளையை அழைத்தேன். “பாதிச் சுவர் முடிந்தது அம்மா, ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள்” என்றார். எந்தச் சுவர் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லும்முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழும்பூரிலிருந்து பாரிமுனைக்கு ஆட்டோவில் போன அந்த அரைமணி நேரத்தில், வழியெல்லாம் என் ஊரின் பெருமைகள் வரிசையாக நின்றன. எழும்பூர் நிலையம், 1908; கன்னிமாரா நூலகமும் உயர் நீதிமன்றமும் போல ஹென்றி இர்வினின் கை பட்டது. வெள்ளையாக ரிப்பன் மாளிகை, 1913. கட்டியவர் லோகநாத முதலியார். சென்ட்ரல், 1873. பள்ளிக்கூட நாளிலிருந்து இவற்றைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இவற்றில் ஒரு பல் விழுந்தாலும் அளக்கவும் எழுதவும் எதிர்க்கவும் ஆள் உண்டு. பொதுப்பணித் துறையிலிருந்து ரயில்வே வரை ஒரு பொறியாளராவது கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் வந்தது. நான் வேலை செய்யும் கட்டடம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்கு இருந்த ஒரே காவல் நான்தான்; நான் எழும்பூரில் யாருடைய கிணற்றையோ படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் நுழைந்தபோது மணி ஒன்று இருபது. வெண்புழுதி அடங்கியிருக்கவில்லை. குவியலிலிருந்து ஒரு சில்லை எடுத்தேன். உள்ளங்கை அகலம். விளிம்பில் மூன்று பூச்சும் தனித்தனியாகத் தெரிந்தன. அடியில் பழுப்பு, சிப்பித் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும்படி. நடுவில் சாம்பல் கலந்த வெள்ளை. மேலே ஒரு கோடுபோல் தூய வெள்ளை. திருப்பினால் முகம் தெரியவில்லை, ஆனால் ஜன்னல் தெரிந்தது. நான்கு கண்ணாடியும் குறுக்குச் சட்டமும் தெளிவாக. நூறு ஆண்டுகளாக அந்தச் சுவர் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல்.

மேஸ்திரி சாப்பாட்டை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“மாடிமேல் சிமெண்டா மேடம்?”

“ஆமாம் அண்ணா.”

“நான் கேட்டேன் மேடம்.”

அவ்வளவுதான் பேசினோம்.

மூன்று மணி மழை

மூன்று மணிக்கு வானம் இருட்டி, பத்து நிமிடத்தில் கொட்டத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழை. ஒன்றரை மணி நேரம் பெய்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமாகச் சொட்டும் இடங்களுக்குக் கணக்குப்பிள்ளை வாளிகளை வைத்தார். எந்த வாளி எந்த இடத்துக்கு என்று அவருக்கு மனப்பாடம்.

முதலில் கவனித்தது மேஸ்திரி. பூச்சு உரிந்த தெற்குச் சுவரில், மேலே உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று இடப்புறம், செங்கற்களின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. காய்ந்த செங்கல் வெளிறிய ஆரஞ்சு. நனைந்தது ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு ஒரு கோடாக, நேர் கீழாக, ஒரு சாண் அகலத்தில் இறங்கியது. கண்முன்னால் இறங்கியது. கூரையின் நடுவில் விழும் வெடிப்புகளிலிருந்து வந்த தண்ணீர் இது அல்ல. சுவருக்குள் ஒரு குழாய் போகிறது என்றார் மேஸ்திரி.

மழை விட்டதும் மாடிக்குப் போனோம். தெற்குக் கைப்பிடிச் சுவரின் அடியில், சிமெண்ட் பூச்சு உயர்ந்து முடியும் இடத்தில், முழங்கால் உயர அரசங்கன்று ஒன்று நின்றது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் ‘செடி’ என்று குறித்தும் வைத்திருக்கிறேன். கன்றைச் சுற்றிக் குளம்போல் தண்ணீர் தேங்கியிருந்தது. மேஸ்திரி காலால் தண்ணீரை விலக்கி, கடப்பாரை முனையால் சிமெண்டைப் பெயர்த்தார். கீழே வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாயின் வாய். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பூசியவர்கள் அதன்மேல் பாதிக்கு மேல் மூடிவிட்டிருந்தார்கள். ஒன்றரை அங்குலக் கனம் சேர்ந்ததில் தண்ணீர் வாட்டமும் மாறிவிட்டது. வெளியேற வேண்டிய தண்ணீர் குழாயைச் சுற்றியிருந்த இடுக்கில் தேங்கி, சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. அரச வேர் அந்த இடுக்கில் நிம்மதியாகக் குடியிருந்தது.

கீழே வந்து, ஏணி வைத்து, சுவருக்குள் புதைந்த உத்திர முனையைப் பார்த்தோம். வெளியே தெரிந்த பகுதி உறுதியான தேக்கு. சுவருக்குள் நுழையும் இடத்தில், முன்பு பூச்சு மூடியிருந்த நான்கு அங்குலத்தில், மேஸ்திரி ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அடிக்கவில்லை, சும்மா அழுத்தினார். ஈர வெல்லத்தில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

அன்று மாலையே உத்திரத்தின்கீழ் இரும்பு முட்டுகள் கொடுத்து, அலுவலகத்தை மறுபக்க அறைக்கு மாற்றச் சொன்னோம்.

இப்போது என் திட்டத்தைப் பாருங்கள். சீட்டை மேஸ்திரி நான் நினைத்தபடி புரிந்துகொண்டிருந்தால், திங்கள் மூன்று மணிக்குக் கூரையின் பெரும்பகுதியில் சிமெண்ட் உரிக்கப்பட்டு, அதோடு ஒட்டிய தட்டோடுகளும் பெயர்ந்து, செங்கல் ஜல்லி திறந்து கிடந்திருக்கும். தார்ப்பாய்கள் தெருவின் மறுகோடியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன, கட்டவில்லை. ஒன்றரை மணி நேர மழையைக் குடித்து எடை கூடிய கூரை, முனை உளுத்த ஓர் உத்திரத்தின்மேல் நின்றிருக்கும். கீழே ஏழு பேர் வேலை செய்கிறார்கள். விழுந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். விழுந்திருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போடவும் மாட்டேன்.

அக்டோபர் நடுவில் கூரையைத் திறக்கத் திட்டமிட்டது இந்த நாளின் முதல் தவறு. அது சீட்டு எழுதுவதற்கு மூன்று வாரம் முன்பே நடந்தது. உரிமையாளர் தீபாவளிக்குள் முடிக்கச் சொன்னார், நான் தலையாட்டினேன்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, “நல்லதாகப் போயிற்று, விடு” என்றார்கள் சிலர். விட முடியவில்லை. கணக்குப்பிள்ளைதான் இதில் எனக்குத் துணை. வரவும் செலவும் ஒரே தொகையாக இருந்தாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும், கழித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினால் தணிக்கையில் மாட்டுவீர்கள் என்றார். ஆகவே இந்த ஆய்விலும் இரண்டு பதிவு. உத்திரம் தெரிந்தது வரவு. சுவர் போனது செலவு.

சீட்டில் இருந்த சொற்கள்

‘தளம்’ என்றால் என்ன? தரை. மாடி. கொத்தனார் வாயில் ‘தளம் போட வேண்டும்’ என்றால் கூரைக்குக் காங்கிரீட் கொட்டுவது. நாங்கள் அலுவலகத்தில் பேசும்போது வேலை நடக்கும் இடமே தளம். இந்த ஆய்விலேயே மேலே ஓரிடத்தில் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறேன், எழுதி முடித்துத்தான் கவனித்தேன். மொட்டை மாடியை ‘மேல்தளம்’ என்று சொல்வது வரைபடம் போடுகிறவர்களின் வழக்கம். கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் பின்னர் வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து இருக்கிறது: கீழ்த்தளம் வாடகை, மேல்தளம் செலவு. அவருக்கு மேல்தளம் என்றால் அவர் உட்கார்ந்திருக்கும் கூடம். நாற்பது ஆண்டாக அப்படித்தான். அவர் ‘ஆமாம்’ என்று சொன்னதில் ஒரு தவறும் இல்லை.

‘பூச்சு’ இன்னும் மோசம். மேஸ்திரிக்குப் பூச்சு வேலை என்றால் சுவர். கூரைமேல் ஓடு பதிப்பதையும் தண்ணீர் காப்பதையும் அவர் ஒருபோதும் பூச்சு என்று சொன்னதில்லை, ‘சுருக்கி’ என்பார். வாரக்கணக்கில் அவரோடு பேசியிருக்கிறேன். அவர் சுருக்கி என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். எழுதும்போது மட்டும் என் சொல்லை எழுதினேன்.

‘பழைய’ என்ற சொல்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மற்ற இரண்டும் இரு பொருள் தரும் சொற்கள். இது அப்படிக்கூட இல்லை. அந்தக் கட்டடத்தில் பழைய பூச்சு எது? சந்தேகமே இல்லாமல் சுண்ணாம்பு. சிமெண்டுக்கு வயது பன்னிரண்டு. ‘பழைய’ என்று நான் எழுதியபோது என் மனத்தில் இருந்தது ‘வேண்டாத’, ‘முன்பு எவரோ செய்த’, ‘தூக்கிப்போட வேண்டிய’ என்பதெல்லாம். பழையதைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிற நான், ஓர் அவசர மாலையில், தூக்கியெறிய வேண்டியதற்கு அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன். மேஸ்திரி அதை அகராதிப்படி படித்தார்.

சீட்டைத் தவிர வேறு காரணங்களும் கோப்பில் இருக்கின்றன. என் கைபேசி, மேஸ்திரிக்கு வரைபடத்தின் நகல் தரப்படாதது, வேலை தொடங்கும் நேரத்தில் எங்கள் ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதியை நாங்களே மீறியது. அவற்றைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்தபோதே மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, சரியான சந்தேகம். அதை வைத்துக்கொண்டு அரைநாள் காத்திருந்தால் நான்கு ஆட்களின் கூலி யார் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் இல்லை. இப்போது இருக்கிறது. சந்தேகத்தால் நிற்கும் வேலைக்கு அரைநாள் கூலியை எங்கள் அலுவலகம் கொடுக்கும், சந்தேகம் தப்பாக இருந்தாலும்.

பிறகு

கூரை வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளினோம். அதுவரை குழாயின் வாயைத் திறந்து, அரசங்கன்றை வேரோடு எடுத்து, கூரைக்குத் தார்ப்பாய் கட்டினோம். உளுத்த உத்திர முனையை வெட்டி எடுத்து, பழைய கட்டடம் இடித்த இடத்தில் வாங்கிய தேக்குத் துண்டை இணைத்துப் பட்டை போட்டோம். அந்தப் பகுதி நேராக நடந்தது. எழுத ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புக்குத்தான் அலைந்தோம். மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூள் இதற்கு ஆகாது. சுட்ட சிப்பியை வாங்கித் தொட்டியில் நீற்றினோம். தண்ணீர் பட்டதும் கொதித்துப் புகைந்து சீறும்; அடங்கிய பிறகு வாரக்கணக்கில் ஊற வேண்டும். சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் தனியே ஊறிப் புளித்தன. காகித மூட்டைகளுக்கு நடுவில் அந்த வாசனை படியேறி வந்து, வருகிறவர்கள் எல்லாம் கணக்குப்பிள்ளையிடம் என்ன காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

கூரையில் ஜல்லி அடித்த நாள்களில் ஒருநாள் மேஸ்திரி தன் தாயாரை அழைத்து வந்தார். சிறுவயதில் சித்தாளாக இந்த வேலை செய்தவர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மாடியின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளே போதும் என்று நான் நினைத்த இடத்தைக் காட்டி, இன்னும் ஆகவில்லை, கட்டை திரும்ப எழும்பவில்லை என்றார். அடிக்கும் கட்டை தானாகத் துள்ளி எழும் வரை அடிக்க வேண்டுமாம். என் விவரக்குறிப்பில் ‘போதிய அளவு’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொற்களை அடித்துவிட்டு அந்த அம்மா சொன்னதை எழுதிக்கொண்டேன்.

தெற்குச் சுவரைப் பூசினோம். அடிப் பூச்சு இரண்டும் நன்றாக அமைந்தன. மூன்றாவதை மேஸ்திரி தானே கூழாங்கல் கொண்டு நான்கு நாள் தேய்த்தார். வழவழவென்று இருக்கிறது, தொட்டால் குளிர்கிறது. ஆனால் பக்கத்தில் எஞ்சியிருக்கும் பழைய பகுதியோடு வைத்துப் பார்த்தால் மங்கல்தான். சேரும் இடத்தை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கூர்ந்து பார்த்தால் கோடு தெரியும். உடைந்த சில்லுகளில் ஐந்தை உறையில் போட்டு, தேதி எழுதி, கோப்போடு வைத்திருக்கிறேன்.

சீட்டு எழுதுவது நிற்கவில்லை; இந்த ஊரின் போக்குவரத்தில் சீட்டு இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார், அதைப் பின்பற்றுகிறோம். எடுக்க வேண்டியது எதுவோ, அதன்மேலேயே நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகிறேன். சீட்டில் ‘குறி போட்டதை எடுக்கவும்’ என்று மட்டும்.

கணக்குப்பிள்ளை மறுபடி கூடத்துக்கே வந்துவிட்டார். மேசை அதே இடத்தில்தான் கிடக்கிறது. சென்ற வாரம் இறுதி அளவுகளைச் சரிபார்க்கப் போனேன். பேரேட்டில் குனிந்திருந்தவர், காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து, “நீங்களா அம்மா” என்றார்.